துபாய் மெரினாவில் குடியேறுபவர்களுக்கு: வீடு பார்ப்பது முதல் சாவியைத் திருப்பித் தருவது வரை

மீடியா சிட்டி, இன்டர்நெட் சிட்டி, ஜே.எல்.டி., ஜெபல் அலி ஆகிய பகுதிகளில் வேலை கிடைத்துத் துபாய்க்கு வருபவர்கள் வீடு தேடத் தொடங்கினால், முதல் நாளே யாராவது ஒருவர் துபாய் மெரினாவின் பெயரைச் சொல்லிவிடுவார். அலுவலகம் அருகில், மெட்ரோ அருகில், கடல் அருகில் என்று கேட்பதற்கு எல்லாமே பொருத்தமாக இருக்கும். ஆனால் அங்கே ஒரு குடும்பம் நிம்மதியாக இருக்குமா என்பதை எந்தக் கோபுரம், அந்தக் கோபுரத்தில் எந்தப் பக்கம், குளிரூட்டும் கட்டணம் யார் தலையில் விழுகிறது என்ற மூன்று கேள்விகளே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. விளம்பரத்தில் இவை மூன்றும் பெரிய எழுத்தில் இருப்பதில்லை. வாடகைக்குக் குடியேறுபவர்களை மனத்தில் வைத்து, செய்ய வேண்டிய வேலைகளை அவை வரும் வரிசையிலேயே கீழே விளக்கியிருக்கிறேன்.

இடத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

துபாய் மெரினா இயற்கையான துறைமுகம் அன்று. மணற்கரையைத் தோண்டிக் கடல்நீரை உள்ளே வரவிட்டு, கடற்கரைக்கு இணையாக ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்ட செயற்கைக் கால்வாய் அது. எமார் நிறுவனம் உருவாக்கிய இத்திட்டத்தில் முர்ஜான், மெஸ்க், ஃபைரூஸ் முதலிய ஆறு கோபுரங்கள் முதல் கட்டமாக 2003ஆம் ஆண்டுவாக்கில் எழுந்தன. அதன் பிறகு வந்த கோபுரங்கள் உயரத்தில் ஒன்றையொன்று விஞ்சிக்கொண்டே போயின. 413 மீட்டர் உயரமுள்ள பிரின்சஸ் டவரும், அடியிலிருந்து உச்சிவரை 90 பாகை முறுக்கிக்கொண்டு நிற்கும் கயான் டவரும் இங்கேதான் இருக்கின்றன.

கால்வாயின் கிழக்கே பன்னிரண்டு, பதினான்கு தடங்களோடு ஷேக் சயீத் சாலை ஓடுகிறது. அந்தச் சாலைக்கு அப்பால் ஜே.எல்.டி. எனப்படும் ஜுமேரா லேக்ஸ் டவர்ஸ் இருக்கிறது. கால்வாயின் மேற்கே, கடலுக்கும் மெரினாவுக்கும் நடுவில், நாற்பது கோபுரங்கள் கொண்ட ஜே.பி.ஆர். எனப்படும் ஜுமேரா பீச் ரெசிடென்ஸ் வரிசை சுவர்போல நிற்கிறது. அதற்கும் அப்பால் பொதுக் கடற்கரையும், பாலத்தால் இணைக்கப்பட்ட புளூவாட்டர்ஸ் தீவும், 250 மீட்டர் உயரமுள்ள ஐன் துபாய் ராட்டினமும் உள்ளன. வரைபடத்தில் இந்த நான்கு பட்டைகளையும் ஒருமுறை பார்த்துப் பதிய வைத்துக்கொண்டால், தரகர் சொல்லும் 'கடல் பக்கம்', 'மெரினா பக்கம்', 'சாலைப் பக்கம்' ஆகியவை எவையென்று உங்களுக்கே விளங்கிவிடும்.

பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், அதன் பிறகே வீட்டைப் பாருங்கள்

ஷேக் சயீத் சாலையைப் பார்த்த வீடுகளில் வாடகை சற்றுக் குறைவாக இருக்கும், மெட்ரோவும் நடை தூரத்தில் இருக்கும். ஆனால் இரவு முழுவதும் வாகன இரைச்சல் கேட்கும். கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டால் அது அடங்குமா என்பதைக் கட்டடத்துக்குக் கட்டடம் நேரில் நின்று கேட்டுத்தான் அறிய முடியும். கால்வாயைப் பார்த்த கீழ்த்தள வீடுகள் படத்தில் மிக அழகாக இருக்கும். அதே வீடுகளுக்குக் கீழேதான் உணவகங்களின் வெளி மேசைகளும், விளக்கலங்காரத்தோடு விருந்தினரை ஏற்றிச் செல்லும் மரக்கலங்களும், பாட்டுச் சத்தத்தோடு போகும் சொகுசுப் படகுகளும் இருக்கின்றன. வாரக் கடைசியில் நள்ளிரவுக்குப் பிறகுதான் இந்தச் சந்தடி ஓயும். குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு, கால்வாயைப் பார்த்த நடுத்தளமோ மேல்தளமோ பொருத்தமானது என்பது என் கருத்து.

கடலைப் பார்த்த வீட்டுக்கு அதிக வாடகை கேட்கப்படுவது இயல்பு. அந்தப் பக்கம் வடமேற்கை நோக்கியது என்பதால், கோடையில் பிற்பகல் மூன்று மணியிலிருந்து சூரியன் மறையும்வரை வெயில் முழுவதும் கண்ணாடிச் சுவரில்தான் விழும். தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி உள்ள வீட்டில் அந்த வெப்பத்தைக் குளிரூட்டி இறக்கியாக வேண்டும், அதற்கான தொகை மாதக் கட்டணத்தில் வந்து சேரும். எனவே கடல் தெரிகிற வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் காலையில் போகாமல் மாலை நான்கு மணிக்குப் போவது நல்லது. கூடத்தின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தரகர் சொல்லாததை அது சொல்லிவிடும். எதிரே காலி மனை இருந்தால், அதில் என்ன வரப்போகிறது என்பதையும் கேளுங்கள், ஏனென்றால் இன்று தெரிகிற கடல் அடுத்த ஒப்பந்தத்தின்போதும் தெரியும் என்று சொல்வதற்கில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நம் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் சமையலறை. மெரினாவின் கோபுரங்களில் பெரும்பாலான ஒரு படுக்கையறை வீடுகளின் சமையலறை கூடத்தோடு சேர்ந்த திறந்த அமைப்பாக இருக்கும். கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்தால் அந்த நெடி சோபாவின் துணியில் இரண்டு நாள் தங்கும். புகைபோக்கி உண்மையிலேயே காற்றை வெளியேற்றுகிறதா அல்லது வடிகட்டி மறுபடி உள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள். அடுப்பு எரிவாயுவா, மின்சாரக் கண்ணாடி அடுப்பா என்பதும் முக்கியம். கண்ணாடி அடுப்பில் அடி வளைந்த இரும்பு வாணலியும் குழிப்பணியாரக் கல்லும் சரியாக உட்காரமாட்டா. தட்டையான அடியுள்ள பாத்திரங்களை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். துணி உலர்த்தும் வசதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பால்கனிக் கம்பியில் துணி காயப்போடுவதற்கு மாநகராட்சியும் கட்டட நிர்வாகமும் அனுமதிப்பதில்லை என்பதால், உலர்த்தும் இயந்திரத்துக்கோ மடக்குச் சட்டத்துக்கோ உள்ளேயே இடம் வேண்டும்.

இறுதியாக, அந்தத் தளத்தில் எத்தனை வீடுகள் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்படுகின்றன என்று வரவேற்பு மேசையிலுள்ள செக்யூரிட்டியிடம் கேளுங்கள். உரிமம் பெற்று அப்படி விடுவது சட்டப்படி சரியே. ஆயினும் லிஃப்டில் எப்போதும் பெட்டிகளும், நள்ளிரவில் கதவு எண்ணைத் தேடி அலையும் விருந்தினரும் இருக்கும் தளத்தில் குடும்பமாக வாழ்வது சிரமம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

வாடகை ஆண்டுக் கணக்கில் பேசப்படும். முன்தேதியிட்ட காசோலைகளாகத் தரப்படும். ஒரே காசோலையில் முழுத் தொகையையும் தருபவருக்கு வாடகை சற்றுக் குறையலாம். நான்கு, ஆறு, பன்னிரண்டு எனக் காசோலைகள் கூடக்கூட உரிமையாளரின் இறங்கிவரும் மனமும் குறையும். ஆகவே எமிரேட்ஸ் அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் காசோலைப் புத்தகமும் கைக்கு வரும்வரை தற்காலிகத் தங்குமிடத்தில் இருந்துகொள்வதே நடைமுறை.

ஆண்டுக்கு 1,00,000 திர்ஹாம் வாடகை, நான்கு காசோலை என்று வைத்துக்கொள்வோம். முதல் காசோலை 25,000. தரகருக்கு வழக்கமாக 5 விழுக்காடு, அதாவது 5,000, அதன்மேல் மதிப்புக்கூட்டு வரி 250. அறைகலன் இல்லாத வீட்டுக்கு முன்வைப்பு (டெபாசிட்) 5 விழுக்காடு, அதாவது இன்னொரு 5,000. அறைகலனோடு கூடிய வீடென்றால் 10 விழுக்காடு கேட்பார்கள். மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் தேவா எனப்படும் ஆணையத்தில் அடுக்ககத்துக்கான முன்வைப்பு 2,000. சாவி கைக்கு வருவதற்குள் 37,250 திர்ஹாம் போய்விடுகிறது. குளிரூட்டும் நிறுவனத்தின் முன்வைப்பும், சாமான் ஏற்றி இறக்கும் கூலியும், திரைச்சீலைச் செலவும் இதில் சேரவில்லை.

மாதச் செலவில் புதியவர்கள் அதிர்ச்சி அடைகிற இடங்கள் இரண்டு. ஒன்று, ஆண்டு வாடகையில் 5 விழுக்காட்டை மாநகராட்சி வீட்டுக் கட்டணமாகப் பன்னிரண்டு பங்காக்கித் தேவா பில்லிலேயே வசூலிக்கிறது. மேலே சொன்ன வாடகைக்கு அது மாதம் ஏறத்தாழ 417 திர்ஹாம். விளக்கே போடாமல் இருந்தாலும் அது வரும். மற்றொன்று குளிரூட்டல். மெரினாவின் பல கோபுரங்களில் குளிர்நீர் ஒரு பொது நிலையத்திலிருந்து குழாய் வழியாக வருகிறது. அதற்குத் தனி நிறுவனம் தனியாகப் பில் அனுப்பும். அந்தப் பில்லில் பயன்படுத்திய அளவுக்கு ஒரு தொகையும், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் இணைப்பின் கொள்ளளவுக்கு ஒரு நிலையான தொகையும் இருக்கும். இரண்டு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் நிலையான தொகை காத்திருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 'சில்லர் ஃப்ரீ' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் குளிரூட்டும் கட்டணம் உரிமையாளரைச் சேர்ந்தது என்று பொருள்; அந்தச் சொல் ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும். வாடகை சில ஆயிரம் கூடுதலாக இருந்தாலும் சில்லர் ஃப்ரீ வீடு ஆண்டு முடிவில் மலிவாக முடிவது உண்டு என்பதால், முந்தைய குடியிருப்பவரின் ஆகஸ்ட் மாதப் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டே இரண்டையும் ஒப்பிடுங்கள்.

ஒற்றையாகத் துபாய்க்கு வரும் இளைஞர்களுக்கு ஒரு சொல். மெரினாவிலும் ஜே.எல்.டி.யிலும் அறையைப் பலகையால் தடுத்துப் பார்ட்டிஷனாகவும், கட்டில் கணக்கில் பெட் ஸ்பேஸாகவும் விடுபவர்கள் இருக்கிறார்கள். அனுமதியில்லாத தடுப்புகளை மாநகராட்சி ஆய்வு செய்து அகற்றுகிறது. அப்படி நடக்கும் நாளில் முன்பணம் கொடுத்தவர் பெட்டியோடு வெளியே நிற்க வேண்டியதுதான். பகிர்ந்து வாழ்வதென்றால், உரிமையாளரின் சம்மதத்தோடு ஒப்பந்தத்தில் பெயர் சேர்த்து, துபாய் நிலத்துறையின் துபாய் ரெஸ்ட் செயலியில் உடன் வசிப்பவராகப் பதிவு செய்துகொண்டு வாழுங்கள்.

தரகரைச் சரிபாருங்கள், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள்

துபாயில் வீட்டுத் தரகராகப் பணியாற்ற ரேரா எனப்படும் நில ஒழுங்குமுறை அமைப்பின் பதிவு எண் வேண்டும். அட்டையைக் காட்டும்படி கேட்பதில் கூச்சம் தேவையில்லை. எண்ணைத் துபாய் ரெஸ்ட் செயலியில் நீங்களே சரிபார்க்கலாம். அதன்பின் உரிமைப் பத்திரத்தின் நகலையும் உரிமையாளரின் கடவுச்சீட்டு நகலையும் வாங்கி, பத்திரத்தில் உள்ள பெயருக்கே காசோலை எழுதுங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், அவருக்காக வேறொருவர் கையெழுத்திடுகிறார் என்றால், நோட்டரி சான்றளித்த அதிகாரப் பத்திரத்தைப் பார்க்காமல் எதுவும் தராதீர்கள். இந்தப் பகுதியில் உரிமையாளர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில்தான் இருப்பார்கள் என்பதால் இது அடிக்கடி எழும் நிலைமை.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை நிதானமாகப் படியுங்கள். பழுதுபார்ப்பு யார் பொறுப்பு என்பது முதலாவது. சட்டப்படி அது உரிமையாளரின் கடமையே ஆனாலும், குறிப்பிட்ட தொகைக்குள் அடங்கும் சிறு பழுதுகளைக் குடியிருப்பவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது இங்கே வழக்கம். 500 அல்லது 1,000 திர்ஹாம் வரை என்பது அடிக்கடி காணும் எல்லை. இடையில் வேலை மாறினாலோ ஊர் திரும்ப நேர்ந்தாலோ ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள என்ன அபராதம் என்பது இரண்டாவது. இரண்டு மாத வாடகை என்று போடுவார்கள், எதுவுமே போடாவிட்டால் பின்னால் வாக்குவாதம்தான் மிஞ்சும். கார் நிறுத்தும் இடத்தின் எண் மூன்றாவது. தெருவோர இடம் கட்டணத்துக்கு உட்பட்டது, மாலையில் கிடைப்பதும் அரிது. எனவே 'ஒரு இடம் உண்டு' என்ற வாய்ச்சொல் போதாது.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதை அரசிடம் பதிவு செய்யும் எஜாரி பதிவு கட்டாயம். துபாய் ரெஸ்ட் செயலியிலோ டைப்பிங் சென்டரிலோ செய்துகொள்ளலாம். எஜாரி சான்று இல்லாமல் மின் இணைப்பு கிடைக்காது. குடும்பத்துக்கு விசா எடுக்கும்போதும் அதைக் கேட்பார்கள். வாடகைத் தகராறு தீர்ப்பு மையத்துக்குப் போக நேர்ந்தாலும் அதுவே அடிப்படை ஆவணம்.

குடிபுகும் வாரம்

வாசற்கதவின் அருகே சிறிய தகட்டில் தேவாவின் ஒன்பது இலக்க எண் இருக்கும். அதையும் எஜாரி எண்ணையும் எமிரேட்ஸ் அடையாள அட்டையையும் கொண்டு இணையத்திலேயே விண்ணப்பித்தால், வழக்கமாக ஒரு நாளுக்குள் மின்சாரம் வந்துவிடும். குளிரூட்டும் இணைப்புக்குத் தனி விண்ணப்பம் தேவை. கோடையில் குடிபுகுபவர்கள் இதை மறந்தால், விளக்கு எரியும் வீட்டில் முப்பத்தைந்து பாகை வெப்பத்தில் முதல் இரவைக் கழிக்க வேண்டிவரும்.

சாமான்களை உங்கள் விருப்பப்படி ஒரு நாளில் கொண்டுவந்து இறக்கிவிட முடியாது. கட்டட நிர்வாகத்திடம் முன்கூட்டியே மூவிங் பர்மிட் வாங்க வேண்டும். அதற்கு எஜாரி, அடையாள அட்டை, சாமான் ஏற்றும் நிறுவனத்தின் வணிக உரிமம், சில கோபுரங்களில் அவர்களுடைய காப்பீட்டுச் சான்று ஆகியவை கேட்கப்படும். சர்வீஸ் லிஃப்ட் குறிப்பிட்ட சில மணி நேரத்துக்கு மட்டும் உங்களுக்கு ஒதுக்கப்படும். உட்சுவரில் கீறல் விழாமல் இருக்கத் தடித்த மெத்தைத் துணி தொங்கவிட்டிருக்கும் அந்த லிஃப்டில், பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். நேரம் தாண்டினால் மீதிச் சாமான் மறுநாள்தான். அலமாரியின் அளவை லிஃப்ட் கதவின் அளவோடு முன்னதாக ஒப்பிட்டுக்கொள்வது பயன்தரும்.

சாமான் வருவதற்கு முன்பே காலி வீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து, சுவர்க்கறை, கண்ணாடிக் கீறல், குளியலறைத் தரையில் தண்ணீர் வடியாத மூலை என எல்லாவற்றையும் உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். முன்வைப்புத் தொகையைத் திரும்பக் கேட்கும் நாளில் இந்த மின்னஞ்சல்தான் உங்கள் பக்கம் பேசும்.

வீட்டு வாசலுக்குத் தபால்காரர் வரும் வழக்கம் இங்கே இல்லை. கடிதங்கள் அலுவலகத் தபால் பெட்டி எண்ணுக்கே வரும். ஆளையோ பொருளையோ வீட்டுக்கு வரவழைக்க, ஒவ்வொரு கட்டட வாயிலிலும் பொறித்திருக்கும் பத்து இலக்க மகானி எண்ணைச் சொன்னால் ஓட்டுநர் நேராக வாயிலுக்கே வந்துவிடுவார். ஒரே மாதிரிப் பெயர்கள் கொண்ட கோபுரங்கள் நிறைந்த மெரினாவில் இந்த எண் பெரிய உதவி.

போக்குவரத்து

மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் மெரினாவுக்கு இரண்டு நிலையங்கள் உள்ளன. சோபா ரியால்ட்டி, டி.எம்.சி.சி. என்று இப்போது அழைக்கப்படும் இவற்றுக்குப் பழைய பெயர்கள் முறையே துபாய் மெரினா, ஜுமேரா லேக்ஸ் டவர்ஸ். நண்பர்கள் பழைய பெயரையே சொல்லக்கூடும். இரண்டிலிருந்தும் குளிரூட்டிய நடைபாலம் வழியாக ட்ராமுக்கு மாறலாம். 2014 நவம்பரில் தொடங்கிய துபாய் ட்ராம், பதினொரு நிலையங்களோடு 10.6 கிலோமீட்டர் ஓடுகிறது. மெரினாவிலிருந்து மீடியா சிட்டி, நாலெட்ஜ் பார்க் அலுவலகங்களுக்குப் போகிறவர்களுக்கு அதுவே வசதி. மெரினாவுக்குள் அது ஒரே திசையில் வளையமாகச் சுற்றி வருகிறது என்பதைக் கவனியுங்கள். போகும்போது ஒரு நிறுத்தமாக இருக்கும் தூரம், திரும்பும்போது வளையம் முழுவதையும் சுற்ற வைக்கலாம். வீடு பார்க்கும்போதே அலுவலகத்துக்குப் போகும் வழியையும் வரும் வழியையும் தனித்தனியே கணக்கிடுங்கள்.

மெட்ரோவுக்கும் ட்ராமுக்கும் பேருந்துக்கும் ஒரே நோல் அட்டைதான். வெள்ளி நிற அட்டையில் ஒரு மண்டலத்துக்குள் 3, அடுத்தடுத்த இரண்டு மண்டலங்களுக்கு 5, அதற்கு மேல் 7.5 திர்ஹாம். ட்ராம் நிலையத்தில் மெட்ரோவைப்போல் தடுப்பு வாயில் கிடையாது. நடைமேடையிலுள்ள கருவியில் நீங்களாகவே அட்டையைத் தொட்டுவிட்டு ஏற வேண்டும். மறந்து ஏறினால் சோதனையாளர் அபராதம் விதிப்பார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்கிய பெட்டியில் ஆண்கள் ஏறுவதும், வண்டிக்குள் தின்பதும் குடிப்பதும் அபராதத்துக்கு உரியவை. ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ காலை 8 மணிக்குத்தான் தொடங்குகிறது, ட்ராம் இன்னும் தாமதம்.

கார் வைத்திருப்பவர்களுக்கு, நகரின் பக்கம் போகும் ஷேக் சயீத் சாலையில் அல் பர்ஷா அருகே சாலிக் சுங்க வளைவு உண்டு. 2025 தொடக்கம் முதல் வார நாட்களின் நெரிசல் நேரத்தில் ஒரு கடப்புக்கு 6 திர்ஹாம், மற்ற நேரத்தில் 4, நள்ளிரவு 1 மணி முதல் காலை 6 மணிவரை இலவசம் என்ற முறை நடப்பில் இருக்கிறது. சுங்கத்தைவிடப் பெரிய தொல்லை மெரினாவின் வாசல்கள்தாம். வெள்ளி, சனி மாலைகளில் கடற்கரைக்கு வருபவர்களின் வண்டிகளும் ட்ராம் கடக்கும் சந்திப்புகளும் சேர்ந்து, கடைசி ஒரு கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் விருந்தினரை அழைப்பவர்கள் அவர்களை மெட்ரோவில் வரச்சொல்வது உபகாரம்.

நடைபாதையும் நீரும் கடற்கரையும்

கால்வாயின் இரு கரைகளையும் சுற்றி ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளத்துக்கு மெரினா வாக் என்ற நடைபாதை உண்டு. மெரினாவில் குடியிருப்பதன் உண்மையான பயன் இதுதான் என்பேன். நவம்பர் முதல் மார்ச்வரை காலை ஆறரைக்கு இறங்கினால், ஓடுபவர்களும் தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர்களும் படகின் தளத்தைக் கழுவும் பணியாளர்களும் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். பாதையோரத்தில் மஸ்ஜித் அல் ரஹீம் என்ற பள்ளிவாசலும், மெரினா மாலும், அதையொட்டித் தளத்துக்கு ஓர் உணவகம் வீதம் ஏழு தளங்கள் கொண்ட பியர் 7-உம் உள்ளன. கரையிலிருந்து கரைக்குச் செல்ல வாட்டர் பஸ் ஓடுகிறது. நோல் அட்டையிலேயே கட்டணம் செலுத்தலாம். விருந்தினரைப் படகில் அழைத்துப்போக வேண்டும் என்றால், சுற்றுலாப் படகுக்குப் பெருந்தொகை கொடுப்பதற்கு முன் இதில் ஒருமுறை போய்ப் பாருங்கள், அதே கோபுரங்கள்தாம் தெரியும்.

கால்வாய் நீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அதில் இறங்கக் கூடாது. அது படகுகள் போகும் தடம், நீந்துவதற்குத் தடையும் உண்டு. நீந்துவதற்கு ஜே.பி.ஆர். பொதுக் கடற்கரைக்குப் போங்கள். நுழைவு இலவசம், குளித்துக்கொள்ளத் தண்ணீர்க் குழாய் உண்டு, பகலில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்க வேண்டாம். சூரியன் மறைந்த பிறகு இந்தக் கடற்கரையில் நீந்த அனுமதியில்லை. மணலில் படம் எடுக்கும்போது அருகிலிருப்பவர்கள் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிறரை அனுமதியின்றிப் படம் பிடிப்பது இங்கே சட்டப்படி குற்றம்.

மே இறுதியிலிருந்து செப்டம்பர்வரை இந்த வாழ்க்கை வீட்டுக்குள் ஒடுங்கிவிடும். வெப்பத்தைவிடக் கடலோர ஈரப்பதமே ஆளை வாட்டும். ஆகஸ்ட் விடியலில் பால்கனிக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் நீர் கோடுகோடாக வழியும், மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் கதவைத் திறந்ததும் சில நொடி எதையும் பார்க்க முடியாது. கட்டடத்தின் நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் அப்போதுதான் பயன்படும். குளத்து நீரைக் கோடையில் குளிர்விக்கிறார்களா என்று கேளுங்கள்; குளிர்விக்காத குளம் ஜூலையில் வெந்நீர்த் தொட்டிதான்.

மளிகை, பள்ளி, வழிபாடு

அன்றாடப் பால், காய்கறிக்கு ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும் சிறுகடைகள் உண்டு, தொலைபேசியில் சொன்னால் வீட்டுக்கே வரும். விலை மட்டும் மெரினா விலை. மாத மளிகைக்கு அல் பர்ஷாவின் லுலு பேரங்காடிக்குப் போவதே கட்டுப்படியாகும். இட்லி அரிசி, உளுந்து, முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். மலிவான தென்னிந்தியச் சாப்பாட்டுக்குப் பாலத்தைக் கடந்து ஜே.எல்.டி.க்குப் போகலாம். மல்லிகைப்பூவும் வாழையிலையும் வேண்டிய பண்டிகை நாட்களில் கராமாவும் பர் துபாயும்தான் கதி. சிவப்புத் தடத்தில் ஏறினால் ஏறக்குறைய முக்கால் மணி நேரப் பயணம்.

பள்ளிக்கூடம் மெரினாவின் பலவீனம். இந்தியப் பாடத்திட்டத்துக்கு வெளியேதான் போக வேண்டும். தி கார்டன்ஸ் பகுதியிலுள்ள டெல்லி பிரைவேட் ஸ்கூல், அல் பர்ஷா தெற்கிலுள்ள ஜே.எஸ்.எஸ். இன்டர்நேஷனல் ஆகியவை இப்பகுதிக்கு ஒப்பீட்டளவில் அருகில் உள்ளவை. இந்தியப் பள்ளிகளின் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். இடம் உறுதியான பிறகு வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். பள்ளிப் பேருந்து உங்கள் கோபுரத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் மெரினாதான் வழித்தடத்தின் முதல் நிறுத்தம் என்றால் குழந்தை விடியுமுன்பே எழ வேண்டும்.

ஜெபல் அலியில் 2022 அக்டோபரில் திறக்கப்பட்ட இந்துக் கோவிலும், அதற்கு அருகே குருத்வாராவும், அசிசி புனித பிரான்சிஸ் தேவாலயமும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. மெரினாவிலிருந்து காரில் சிறிது நேரத்தில் போய்விடலாம்.

உயரத்தில் வாழ்வதற்கான எச்சரிக்கைகள்

மெரினாவின் கோபுரங்களில் பெருந்தீ ஏற்பட்டதுண்டு. டார்ச் டவர் 2015 பிப்ரவரியிலும் 2017 ஆகஸ்டிலும் எரிந்தது. 67 மாடிகள் கொண்ட மெரினா பினாக்கிள் 2025 ஜூனில் இரவு நேரத்தில் தீப்பிடித்தபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு இல்லாமல் போனதற்கு மக்கள் படிக்கட்டில் இறங்கிவந்ததும் ஒரு காரணம். ஆகவே குடிபுகுந்த வாரமே அவசரப் படிக்கட்டில் ஒருமுறை கீழ்வரை இறங்கிப் பாருங்கள். அது எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்பது பல ஆண்டுகள் குடியிருப்பவர்களுக்கே தெரிவதில்லை. அபாய மணி ஒலித்தால், 'யாரோ அப்பளம் பொரிக்கிறார்கள்' என்று உட்கார்ந்திருக்காமல் கடவுச்சீட்டுகள் வைத்த பையை எடுத்துக்கொண்டு இறங்குங்கள், லிஃப்டை நாடாதீர்கள். உரிமையாளரின் காப்பீடு உங்கள் பொருட்களுக்குப் பொருந்தாது என்பதால், குடியிருப்பவருக்கான வீட்டுப் பொருள் காப்பீட்டைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். பால்கனியில் ஏறி நிற்கும்படியான நாற்காலி, பூந்தொட்டி எதையும் கம்பிக்கு அருகில் வைக்காதீர்கள். காவல்துறைக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 998, தீயணைப்புக்கு 997, மின்சார, தண்ணீர் அவசரத்துக்கு 991.

புதுப்பிப்பதும் காலி செய்வதும்

வாடகையையோ நிபந்தனைகளையோ மாற்ற விரும்பும் தரப்பு, ஒப்பந்தம் முடிவதற்கு 90 நாட்களுக்கு முன் மற்றவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு 2013ஆம் ஆண்டின் 43ஆம் ஆணை வரம்பு வகுத்திருக்கிறது. உங்கள் வாடகை அந்தப் பகுதியின் சராசரியைவிட 10 விழுக்காடுவரை குறைவாக இருந்தால் உயர்வே இல்லை. 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைவாக இருந்தால்கூட உயர்வு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நடுவிலுள்ள படிகளுக்கு 5, 10, 15 விழுக்காடு. 2025 ஜனவரி முதல் இந்தச் சராசரி கட்டடவாரியாகக் கணக்கிடப்பட்டு இணையத்தில் கிடைப்பதால், உரிமையாளரின் செய்தி வந்த அன்றே உங்கள் கோபுரத்தின் பெயரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டை விற்பதற்கோ தாமே குடிவருவதற்கோ காலி செய்யச் சொன்னால், நோட்டரி வழியாகவோ பதிவுத் தபாலிலோ 12 மாத அறிவிப்பு வேண்டும். வாட்ஸ்ஆப் செய்தி அறிவிப்பு ஆகாது.

காலி செய்யும்போது வேலைகள் தலைகீழ் வரிசையில் வரும். சுவருக்கு வண்ணம் அடித்துத் தருவதாக ஒப்பந்தத்தில் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். வெளியேறும் பர்மிட்டுக்குக் கட்டட நிர்வாகம் தேவாவின் இறுதிப் பில்லையும் குளிரூட்டும் நிறுவனத்தின் பாக்கியில்லாச் சான்றையும் கேட்கும் என்பதால், இரண்டுக்கும் ஒரு வாரம் முன்னதாகவே விண்ணப்பியுங்கள். கார் நிறுத்துமிட அட்டை, நீச்சல் குள அட்டை, கூடுதல் சாவிகள் எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள். ஓர் அட்டை குறைந்தாலும் முன்வைப்பில் பிடித்துக்கொள்வார்கள். எஜாரி ரத்தாகிவிட்டதா என்று செயலியில் ஒருமுறை பார்த்துவிட்டு, தேவாவின் முன்வைப்பைத் திரும்பப் பெற உள்ளூர் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுங்கள். ஊருக்கே திரும்புகிறவர்கள் அந்தப் பணம் வந்து சேரும்வரை இங்குள்ள வங்கிக் கணக்கை மூட வேண்டாம்.